எடுத்த படங்களும் எடுக்கப்படாத படங்களும்: வில்லிஸ் ஓப்ரையனின் கலைவாழ்வு

1933 மார்ச் 2 அன்று நியூயார்க்கின் இரண்டு பெரிய அரங்குகளில் ‘கிங் காங்’ திரையிடப்பட்டது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் நின்று விமானங்களோடு போராடுகிறது ஒரு ராட்சதக் கொரில்லா. மார்பில் குண்டு பாய்கிறது. காயத்தைத் தொட்டுப் பார்க்கிறது. விரலில் ஒட்டிய ரத்தம் அதற்குப் புரியவில்லை. ஏந்தியிருந்த பெண்ணைக் கீழே வைத்துவிட்டுச் சாய்கிறது. அதுவரை அதைக் கண்டு அஞ்சிய பார்வையாளர்கள் அந்தக் கணத்தில் அதற்காக வருந்தினார்கள். அவர்களை வருந்தவைத்தது ஒரு பொம்மை. காட்டுக் காட்சிகளில் அதன் உயரம் 18 அங்குலம். நகரக் காட்சிகளில் 24 அங்குலம். உள்ளே உலோக மூட்டுகள், அவற்றின்மேல் பஞ்சும் ரப்பரும், வெளியே முயல் ரோமம்.

அந்தப் பொம்மைக்கு நடை தந்த வில்லிஸ் ஓப்ரையனுக்கு அன்று 47 வயது நிறைந்தது. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் ‘தலைமைத் தொழில்நுட்பர்’. இயக்குநர், நடிகர், கதாசிரியர் என்ற எந்தப் பிரிவிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் படத்தின் முதன்மைப் பாத்திரத்தை நடித்தவர் அவரே.

‘கிங் காங்’கை மட்டும் வைத்துப் பார்த்தால் ஓப்ரையன் வெற்றி பெற்ற கலைஞர். 1915 முதல் 1962 வரை நீண்ட அவருடைய திரைவாழ்வு முழுவதையும் எடுத்துக்கொண்டால் வேறொரு சித்திரம் கிடைக்கும். அதில் முடிந்த படங்களுக்கு நிகராக முடியாத படங்கள் இருக்கின்றன. வரைந்து, பொம்மை செய்து, சோதனைக் காட்சியும் எடுத்தபின் கைவிடப்பட்டவை அவை. அவருடைய கலை காலத்தைக் கேட்டது. அவர் வேலை பார்த்த தொழிலோ காலத்தைப் பணமாக எண்ணியது. இந்த இரண்டும் அவர் வாழ்வில் ஒருமுறைதான் முழுமையாகப் பொருந்தி வந்தன. ஆனாலும் கைவிடப்பட்ட அந்த வேலைகள் வீணாகவில்லை. ஓப்ரையனின் உண்மையான பங்களிப்பை அளக்க, வெளிவந்த படங்களோடு வெளிவராதவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கலையின் இலக்கணம்

ஸ்டாப் மோஷன் முறையின் அடிப்படை எளியது. பொம்மையை ஒரு நிலையில் நிறுத்தி ஒரு ஃபிரேம் படம் பிடிக்க வேண்டும். கேமராவை நிறுத்திவிட்டு, பொம்மையின் கையையோ காலையோ இம்மியளவு நகர்த்தி அடுத்த ஃபிரேமை எடுக்க வேண்டும். பேசும் படங்களின் வேகத்தில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு நிமிடத்துக்கு 1,440.

இன்றைய கலைஞருக்குத் தான் எடுத்ததை உடனே ஓட்டிப் பார்க்கக் கணினித் திரை இருக்கிறது. ஓப்ரையன் காலத்தில் அப்படி எதுவும் இல்லை. ஃபிலிம் கழுவி வரும்வரை செய்தது சரியா தவறா என்று தெரியாது. கை எந்த வேகத்தில் உயர்ந்துகொண்டிருக்கிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது, தலை எத்தனையாவது ஃபிரேமில் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் மனத்திலேயே வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு விளக்கு அணைந்தாலும், பொம்மையின் திருகு ஒன்று தளர்ந்தாலும் அன்றைய உழைப்பு போய்விடும்.

இந்த முறையை ஓப்ரையன் கண்டுபிடிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்காவில் பிளாக்டன், ஸ்மித் இருவரும் விளையாட்டுப் பொம்மைகளை இப்படி அசைத்துவிட்டார்கள். பிரான்சில் எமில் கோல் தீக்குச்சிகளை ஆடவைத்தார். ரஷ்யாவில் ஸ்டாரெவிச் இறந்த வண்டுகளின் உடல்களில் கம்பிக் கால்கள் பொருத்தி 1912ஆம் ஆண்டிலேயே ஒரு முழு நாடகம் நடத்தினார்.

ஓப்ரையன் சேர்த்தவை இரண்டு. முதலாவது, எடையும் எண்ணமும். அவருடைய மிருகம் காலை ஊன்றும்போது தரை அதைத் தாங்குவது தெரியும். தாக்குவதற்கு முன் அது தயங்குவதும் தெரியும். இரண்டாவது, பொம்மையையும் உயிருள்ள நடிகரையும் ஒரே உலகத்துக்குள் நிற்கவைத்தது. அதுவரை பொம்மைகள் பொம்மைகளின் உலகத்தில்தான் அசைந்தன. மனிதர்களின் உலகத்துக்குள் அவற்றை நிலையாகக் குடியேற்றியவர் இவர்.

பல தொழில் பார்த்த கைகள்

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 1886இல் பிறந்த ஓப்ரையன் பதினோரு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினார். மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்தார். ஓரிகன் மாநிலத்தின் கிரேட்டர் ஏரிப் பகுதியில் புதைபடிவம் தேடி வந்த அறிஞர்களுக்கு வழிகாட்டியாகப் போனார். குத்துச்சண்டை போட்டார். ரயிலில் பிரேக் ஊழியராக இருந்தார். கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடம் வரைந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவின் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழில் விளையாட்டுக் கேலிச்சித்திரக்காரராக இருந்தார். பளிங்கு செதுக்கும் பட்டறையிலும் வேலை செய்தார்.

இந்த வேலைகள் ஒவ்வொன்றும் பின்னாளில் அவர் திரையில் தலைகாட்டின. குத்துச்சண்டையில் பழகிய உடல், காங்குக்கும் டைரனோசருக்கும் நடக்கும் சண்டையில் தெரிகிறது. கொரில்லா அங்கே குறிபார்த்துக் குத்துகிறது, எதிரியின் காலை வாரிவிடுகிறது, முதுகில் ஏறிப் பிடிபோடுகிறது. பண்ணை வாழ்க்கை, கயிறு வீசி ராட்சத மிருகத்தைப் பிடிக்கும் மாடுமேய்ப்பர்களின் கற்பனையாகத் திரும்பத் திரும்ப வந்தது. கட்டட வரைபடப் பயிற்சி, ஒரு காட்சியை எடுக்கும் முன் அதன் ஒவ்வோர் அடுக்கையும் தாளில் தீர்மானிக்கும் பழக்கமாக நிலைத்தது.

பட்டறையில் வேலை பார்த்தபோது களிமண்ணில் குத்துச்சண்டை வீரர்களைப் பிடித்து விளையாடியதிலிருந்துதான் அவற்றைக் கேமராவின் முன் அசைக்கும் எண்ணம் பிறந்தது. மரச்சட்டத்தின்மேல் களிமண் பூசிய டைனோசர் ஒன்றையும் ஆதிமனிதன் ஒருவனையும் வைத்து ஒரு சிறிய சோதனைப் படம் எடுத்தார். அதைப் பார்த்த ஹெர்மன் வாபர் என்ற திரைப்பட வியாபாரி 5,000 டாலர் முன்பணம் தந்தார். அதில் 1915இல் உருவானது ‘டைனோசரும் விடுபட்ட கண்ணியும்’ என்ற நகைச்சுவைக் குறும்படம். எடிசன் நிறுவனம் அதை வாங்கி 1917இல் வெளியிட்டது. அதே வகையில் மேலும் சில குறும்படங்களையும் அவரை எடுக்கவைத்தது. அந்த முதல் படத்தில் ஒரு மனிதக் குரங்கும் ஒரு டைனோசரும் மோதிக்கொள்கின்றன. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் காங்கின் கரு அங்கேயே இருக்கிறது.

கையொப்பம் யாருடையது?

எடிசன் நிறுவனம் படத்தொழிலை விட்டு விலகியதும், ஹெர்பர்ட் டாலி என்ற நியூஜெர்சி சிற்பியுடன் சேர்ந்து ‘உறங்குமலையின் ஆவி’ என்ற படத்தை எடுத்தார் ஓப்ரையன். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டைனோசர் அறிஞர் பார்னம் பிரௌன் அதற்கு ஆலோசனை சொன்னார். இங்கேதான் நகைச்சுவையைத் தாண்டி, அறிவியல் அறிந்த அளவில் உண்மையான விலங்குகளைக் காட்டும் முயற்சி தொடங்கியது. ஓப்ரையனே ஒரு முதிய துறவியாக அதில் நடித்தும் இருக்கிறார்.

படம் 1919இல் பெரிதும் வெட்டப்பட்டு வெளிவந்தது. நல்ல லாபமும் கண்டது. ஆனால் விளம்பரங்களில் முன்னிறுத்தப்பட்ட பெயர் டாலியுடையது. மூட்டுள்ள மாதிரி உருவங்களை அசைத்துப் படமெடுக்கும் முறைக்கு 1920இல் காப்புரிமையும் டாலி பெற்றார். பொம்மைகளைச் செய்ததில் அவருக்கு இருந்த பங்கை முற்றிலும் ஒதுக்கிவிடக் கூடாது என்று அண்மைக்கால ஆய்வு வாதிடுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தச் சச்சரவு இரண்டு மனிதர்களின் பகைமையாக முடிந்துவிடவில்லை. திரையில் விலங்கு அசைந்தால் அதற்கு ஆசிரியர் யார்? பொம்மை செய்தவரா, அசைத்தவரா, பணம் போட்டவரா? நடிகரின் முகம் திரையில் தெரிகிறது. அனிமேட்டரின் கையோ ஒரு ஃபிரேமிலும் தெரியக் கூடாது; தெரிந்தால் கலை கெட்டுவிடும். தன்னை முழுதாக மறைத்துக்கொள்வதையே தேர்ச்சியாகக் கொண்ட ஒரு கலைக்குப் பெயர் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை ஓப்ரையன் இங்கே முதன்முதலாக அனுபவித்தார்.

‘தொலைந்த உலகம்’

ஆர்தர் கோனன் டாயிலின் ‘தொலைந்த உலகம்’ நாவலைப் படமாக்கும் வாய்ப்பு அடுத்து வந்தது. 1922 ஜூனில் நியூயார்க்கில் அமெரிக்க மாயவித்தைக்காரர் சங்கத்தின் விருந்து நடந்தது. அதற்கு வந்த டாயில், எந்த விளக்கமும் சொல்லாமல் ஓப்ரையனின் சோதனைச் சுருள் ஒன்றைத் திரையிட்டார். டைனோசர்கள் மேய்ந்தன, சண்டையிட்டன. கண்கட்டு வித்தையையே தொழிலாகக் கொண்ட அவைக்கு அது எப்படிச் செய்யப்பட்டது என்று விளங்கவில்லை. மறுநாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ அந்தச் செய்தியை முதல் பக்கத்தில் வெளியிட்டது.

படம் 1925இல் வந்தது. இதில் ஓப்ரையனுக்குக் கிடைத்த பெரும் துணை மார்செல் டெல்காடோ. மெக்சிகோவில் பிறந்த அந்த இளைஞர் லாஸ் ஏஞ்சலஸில் மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டிஸ் கலைப்பள்ளியில் படித்தவர். களிமண் பொம்மை விளக்குச் சூட்டில் இளகும், விரிசல் விடும். டெல்காடோ வேறு வழியில் போனார். முதலில் மூட்டுகள் உள்ள உலோக எலும்புக்கூடு; அதன்மேல் பஞ்சாலும் ரப்பராலும் தசைகள்; கடைசியில் தோல். உள்ளே காற்றுப்பை ஒன்றை வைத்து, அதை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சற்றே ஊதியும் இறக்கியும், விலங்கு மூச்சு விடுவதைக்கூடக் காட்டினார்கள். தோற்றத்துக்கு சார்ல்ஸ் நைட் தீட்டிய டைனோசர் ஓவியங்கள் வழிகாட்டின.

நடிகர்களோடு விலங்குகளை இணைக்க, ஃபிலிமின் ஒரு பகுதியை மறைத்துவைத்து மறுபகுதியை மட்டும் ஒளிபடச் செய்தார்கள். பின் அதே ஃபிலிமைத் திருப்பிச் சுற்றி, மறைத்த பகுதியில் மற்றொரு காட்சியைப் பதிந்தார்கள். நம் பழைய இரட்டை வேடப் படங்களில் பயன்பட்ட ‘மாஸ்க்’ முறையும் இதுதான். இதில் ஒரு குறை உண்டு: நடிகரும் விலங்கும் அவரவர் பகுதிக்குள்தான் நிற்க முடியும், எல்லையைத் தாண்டித் தொட முடியாது. அந்த எல்லையை அழிப்பதே அடுத்த எட்டு ஆண்டுகளில் ஓப்ரையனின் பெரும் சிக்கலாக இருந்தது.

ஒரு தோல்வியிலிருந்து காங்

1930இல் ஆர்கேஓ ஸ்டூடியோவில் ‘படைப்பு’ என்ற படத்தின் வேலை தொடங்கியது. கடலில் சிக்கியவர்கள் டைனோசர்கள் வாழும் தீவில் கரையேறும் கதை. மாரியோ லாரினாகா, பைரன் கிராப் ஆகிய ஓவியர்களோடு சேர்ந்து ஓப்ரையன் ஏராளமான காட்சிச் சித்திரங்களை உருவாக்கினார். மிஞ்சியிருக்கும் துண்டில், ஒருவன் ட்ரைசெரடாப்ஸ் குட்டி ஒன்றைச் சுட்டுக் கொல்கிறான். தாய் விலங்கு அவனைத் துரத்துகிறது. அந்தத் தாயின் கோபத்தில் துயரமும் கலந்திருக்கிறது.

1931இல் ஸ்டூடியோவின் பொறுப்பேற்ற டேவிட் செல்ஸ்னிக், நடந்துகொண்டிருந்த படங்களை ஆராய்ந்து சொல்ல மெரியன் கூப்பரை அழைத்தார். கதையில் விறுவிறுப்பு இல்லை என்று சொல்லி ‘படைப்பை’ நிறுத்தவைத்தார் கூப்பர். ஆனால் அதே மனிதர் பல நாட்களாக ஒரு ராட்சதக் கொரில்லாக் கதையை மனத்தில் சுமந்துகொண்டிருந்தார். அதை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியாமல் இருந்தது. ஓப்ரையனின் வேலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கைவிடப்பட்ட படத்தின் ஓவியர்கள், பொம்மைகள், முறைகள் அனைத்தும் அப்படியே புதிய படத்துக்கு மாறின. காட்டில் ஒரு சண்டை, மரப்பாலத்தில் மாலுமிகளை உலுக்கித் தள்ளும் காட்சி ஆகியவற்றைச் சோதனையாக எடுத்துக் காட்டி நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றார்கள்.

‘கிங் காங்’கை எழுதுகிறவர்கள் பலரும் ‘படைப்பை’ ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் காங்கின் தீவு, அதன் ஆழம், அதன் ஒளி அனைத்தும் அந்தக் கைவிடப்பட்ட படத்தில்தான் கண்டடையப்பட்டன. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரேயின் செதுக்கோவியங்களில் முன்புறம் இருண்டும், நடுப்பகுதி சாம்பல் நிறத்திலும், தொலைவு வெளிச்சமாகவும் இருக்கும். இந்த அமைப்பை ஓப்ரையன் முப்பரிமாணத்தில் கட்டினார். கண்ணாடிப் பலகைகளில் மரங்களையும் கொடிகளையும் தீட்டி ஒன்றின்பின் ஒன்றாக நிறுத்தி, அவற்றுக்கு இடையே சிறு மரங்களையும் பொம்மைகளையும் வைத்தார். அந்தக் காடு மேசையளவு இடத்தில் முடிவில்லாததாகத் தெரிந்தது.

நடிகர்களையும் காங்கையும் ஒன்றுசேர்க்கப் பல வழிகள் கையாளப்பட்டன. அவற்றில் நுட்பமானது, மேசைக்காட்டின் ஒரு மூலையில் சிறு திரையைப் பொருத்தி, முன்பே எடுத்த நடிகரின் காட்சியைப் பின்னாலிருந்து ஒரு நேரத்தில் ஒரு ஃபிரேமாக அதில் விழச் செய்வது. காங்கை ஓர் அசைவு நகர்த்த வேண்டும். திரையில் நடிகரை ஒரு ஃபிரேம் முன்னேற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுக்க வேண்டும். குகைக்குள் ஒளிந்திருக்கும் நாயகனை காங் கைநீட்டித் தேடும் காட்சி இப்படி வந்தது. பொம்மை விரலும் மனித உடலும் ஒரே வெளியில் நெருங்கின. ‘தொலைந்த உலக’த்தின் எல்லைக்கோடு அழிந்தது. நெருக்கக் காட்சிகளுக்குக் கரடித்தோல் போர்த்திய பிரமாண்டமான தலையும், நாயகி ஃபே ரேயைத் தூக்கும் பெரிய இயந்திரக் கையும் தனியே செய்யப்பட்டன.

காங்குக்கும் டைரனோசருக்கும் நடக்கும் சண்டைக்கு ஏழு வாரம் ஆனது. சண்டை முடிந்ததும் காங் எதிரியின் உடைந்த தாடையைப் பிடித்துத் திறந்து மூடிப் பார்க்கிறது. உயிர் இருக்கிறதா என்று சோதிக்கிறது. பின் மார்பில் அறைந்துகொள்கிறது. கதைக்கு அந்தச் சில விநாடிகள் தேவையே இல்லை. ஆனால் சாவு என்பதைப் புரிந்துகொள்ள முயலும் ஒரு மனம் அந்த மிருகத்துக்குள் இருப்பதை அவைதான் காட்டுகின்றன. பின்னால் காங் தன் காயத்தைத் தொட்டுப் பார்க்கும்போது நாம் வருந்துவதற்கான விதை இங்கே ஊன்றப்பட்டுவிட்டது. அசைவை உண்டாக்கத் தெரிந்தவர்கள் அன்று பலர் இருந்தார்கள். அசைவின் வழியே ஒரு பாத்திரத்தைக் கட்டியவர் ஓப்ரையன்.

காங்கின் ரோமம் காற்றில் அலைவதுபோல் இடைவிடாமல் துடிப்பதைக் கவனிக்கலாம். ஒவ்வோர் அசைவுக்கும் பொம்மையைத் தொட்டதால் ரோமம் கலைந்து, அந்தக் கலைவு ஃபிலிமில் பதிந்துவிட்டது. தொழில்நுட்பக் கணக்கில் அது பிழை. ஆனால் பார்த்தவர்கள் கோபத்தில் மயிர் சிலிர்ப்பதாகவே அதைக் கண்டார்கள். தன்னை மறைத்துக்கொள்ளும் கலையில் கலைஞரின் விரல்கள் திரையில் விட்ட ஒரே அடையாளம் அதுதான்.

வெற்றிக்குப் பின்

படம் பொருளாதார மந்தத்தின் நடுவிலும் பெருவெற்றி பெற்றது. ஆனால் தந்திரக் காட்சிகளுக்கென ஆஸ்கர் பிரிவே அப்போது இல்லை. வெற்றியின் சூட்டிலேயே ‘காங்கின் மகன்’ படத்தை அதே ஆண்டுக்குள் முடிக்க ஸ்டூடியோ முடிவெடுத்தது. குறைந்த பணம், அதைவிடக் குறைந்த காலம். ஓப்ரையனுக்கு அந்தப் படத்தில் மனம் ஒட்டவில்லை.

அந்த வேலை நடந்துகொண்டிருந்த 1933 அக்டோபரில், அவரைப் பிரிந்து வாழ்ந்த, கடும் நோயிலும் மனக்கலக்கத்திலும் இருந்த அவருடைய முதல் மனைவியின் கையால் இரண்டு மகன்களும் இறந்தார்கள். புகழின் உச்சிக்கும் இந்தப் பேரிழப்புக்கும் இடையே ஏழு மாதமே இருந்தது. 1934இல் அவர் மறுமணம் செய்துகொண்டு மீண்டும் வேலைக்குத் திரும்பினார்.

எடுக்கப்படாத படங்கள்

1930களின் இறுதியில் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் கூப்பருடன் ‘போர்க் கழுகுகள்’ என்ற படத்தைத் தொடங்கினார். உலகம் மறந்த ஒரு நிலத்தில் வைக்கிங் மரபினர் ராட்சதக் கழுகுகள்மேல் பறக்கிறார்கள். முடிவில் நியூயார்க்கின் வானில் படையெடுத்து வரும் எதிரியோடு போரிடுகிறார்கள். சித்திரங்கள், பொம்மைகள், சோதனைக் காட்சிகள் எல்லாம் தயாராயின. உலகப் போர் மூண்டது, கூப்பர் ராணுவத்துக்குப் போனார், படம் நின்றது.

அடுத்து ஆர்கேஓவில் ‘குவாங்கி’. மாடுமேய்ப்பர்கள் மறைந்த பள்ளத்தாக்கு ஒன்றில் ஒரு அல்லோசரைக் கண்டு கயிறு வீசிப் பிடிக்கும் கதை. 1942இல் அதுவும் நிறுத்தப்பட்டது.

இவற்றைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. சாதாரணப் படத்துக்குப் பெருஞ்செலவு படப்பிடிப்பு நாட்களில் வருகிறது. ஓப்ரையனின் படத்திலோ கேமரா சுழலும் முன்பே ஓவியர், சிற்பி, இயந்திர வல்லுநர் என்று ஒரு பட்டறையே பல மாதம் சம்பளம் வாங்கும். அந்த மாதங்களின் முடிவில் நிர்வாகத்திடம் காட்டச் சித்திரங்களும் சில நிமிட ஃபிலிமும்தான் இருக்கும். நிர்வாகி மாறினால், சந்தை சரிந்தால், போர் வந்தால் முதலில் வெட்டப்படுவது அத்தகைய படமே. கூப்பரைப் போல் அந்தச் சித்திரங்களில் முழுப்படத்தையும் பார்க்கத் தெரிந்த ஒருவர் அதிகாரத்தில் இருந்தால் மட்டுமே ஓப்ரையனால் இயங்க முடிந்தது. அவருக்கோ தனக்காகப் பேரம் பேசும் சாமர்த்தியம் குறைவு.

குருவும் சீடரும்

‘கிங் காங்’ லாஸ் ஏஞ்சலஸில் ஓடியபோது அதைப் பார்த்துச் சொக்கிப்போனவர்களில் பதின்மூன்று வயதைத் தொடவிருந்த ரே ஹாரிஹவுசனும் ஒருவர். வீட்டுக் கொட்டகையில் பொம்மைகள் செய்யத் தொடங்கிய அவர், ‘போர்க் கழுகுகள்’ வேலை நடந்த நாட்களில் ஓப்ரையனைத் தேடிப் போய்த் தன் ஸ்டெகோசரைக் காட்டினார். அதன் கால்கள் எலும்பும் தசையும் இல்லாத உருளைகளாக இருக்கின்றன, உடற்கூறு படி என்று ஓப்ரையன் சொன்னார். ஹாரிஹவுசன் அந்தச் சொல்லைத் தலைமேற்கொண்டு உடற்கூறு வகுப்பில் சேர்ந்தார். அந்தச் சந்திப்பு எடுக்கப்படாத ஒரு படத்தின் பட்டறையில் நிகழ்ந்தது என்பதை மறக்கக் கூடாது.

1949இல் வந்த ‘மைட்டி ஜோ யங்’ படத்தில் இருவரும் இணைந்தார்கள். ஓப்ரையன் காட்சிகளைத் திட்டமிட்டார், தொழில்நுட்பச் சிக்கல்களை அவிழ்த்தார். அசைக்கும் வேலையின் பெரும்பகுதி ஹாரிஹவுசனிடம் வந்தது. ரோமத்தை ரப்பரோடு இணைக்கும் புதிய முறையால், இந்தப் படத்தின் கொரில்லாவான ஜோவின் உடலில் காங்கின் ரோமத் துடிப்பு இல்லை. மாடுமேய்ப்பர்கள் குதிரைமேல் வந்து கயிறு வீசும் காட்சி ‘குவாங்கி’யிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. எரியும் அநாதை இல்லத்திலிருந்து குழந்தையைக் காப்பாற்றும் ஜோ, காங்கைவிட மென்மையான, மேலும் நுணுக்கமான நடிப்பைத் தந்தது. தந்திரக் காட்சிகளுக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. ஆனால் செலவுக்கேற்ற வசூல் இல்லை. ஓப்ரையன் விரும்பிய அளவில் படமெடுக்கும் வாய்ப்பு அதோடு மூடிக்கொண்டது.

ஹாரிஹவுசன் குருவின் கலையை மட்டுமல்லாமல் அவருடைய வாழ்க்கையையும் பாடமாக எடுத்துக்கொண்டார் என்பது என் கருத்து. 1953இல் தனியாகப் பொறுப்பேற்ற முதல் முழுநீளப் படத்தில் கண்ணாடி ஓவியங்களையும் பெரிய பட்டறையையும் விட்டார். பின்திரையில் விழும் காட்சியை மறைப்பால் இரண்டாகப் பிரித்து, நடுவே பொம்மையை வைத்து, பெரும்பாலும் தனியாளாகவே வேலை செய்யும் சிக்கன வழியைக் கண்டார். தோரே பாணியின் செழிப்பு அதில் குறைந்தது. ஆனால் படங்கள் முடிந்தன, வெளிவந்தன. 1963இல் ‘ஜேசனும் ஆர்கோ வீரர்களும்’ படத்துக்காக ஏழு எலும்புக்கூடுகளை மூன்று மனிதர்களோடு மோதவைக்க அவருக்கு நாலரை மாதம் ஆனது. அத்தனை மாதம் ஒரு காட்சிக்கு ஒதுக்கும் சுதந்திரம் அந்தச் சிக்கனத்தால் வந்தது. 1969இல் ‘குவாங்கியின் பள்ளத்தாக்கு’ என்ற பெயரில் குருவின் கைவிடப்பட்ட படத்தையும் அவரே எடுத்து முடித்தார்.

கடைசிப் பத்தாண்டு

1950களில் ஓப்ரையனுக்குக் கிடைத்தவை சிறு படங்கள். 1956இல் ‘விலங்குலகம்’ படத்தின் டைனோசர் பகுதியை அவர் மேற்பார்வையிட, ஹாரிஹவுசன் அசைத்தார். 1957இல் ‘கருந்தேள்’, 1959இல் ‘ராட்சத பெஹிமத்’ ஆகியவற்றில் பீட் பீட்டர்சனோடு சேர்ந்து மிகக் குறைந்த வசதிகளில் வேலை செய்தார். ‘கருந்தேளின்’ தேள்கள் மொய்க்கும் காட்சிகளில் பழைய திறமை இன்றும் மின்னுகிறது. 1960இல் ‘தொலைந்த உலகம்’ மீண்டும் படமானபோது அவரைத் தொழில்நுட்பராக வைத்துக்கொண்டார்கள். ஆனால் திரையில் வந்தவை கொம்பும் முள்ளும் ஒட்டிய உயிருள்ள பல்லிகளே. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அதே கதைக்கு உயிர் தந்தவர் அருகிலிருந்தும் அவர் கைக்கு வேலை தரப்படவில்லை.

காங் ஒரு ராட்சத ஃபிராங்கன்ஸ்டைனோடு மோதும் கதை ஒன்றை அவர் எழுதி, சித்திரங்களும் தீட்டிவைத்திருந்தார். அந்த யோசனை தயாரிப்பாளர் ஜான் பெக் வழியாக ஜப்பானின் டோஹோ நிறுவனத்துக்குப் போய், 1962இல் ‘கிங் காங்கும் காட்ஸில்லாவும்’ மோதும் படமாக வந்தது. அதில் காங் உடுப்பு மாட்டிய மனிதராக மாறியிருந்தது. காட்ஸில்லாவின் தந்திரக் காட்சிகளை உருவாக்கிய ஏஜி சுபுராயா, ‘கிங் காங்’ பார்த்துத்தான் இத்துறையின்மேல் காதல் கொண்டவர். 1954இன் முதல் காட்ஸில்லாவுக்கு ஸ்டாப் மோஷன் எடுக்க அவருக்குக் காலம் கிடைக்காததால் உடுப்பு முறைக்குப் போனார். ஓப்ரையனின் கலையை வரவேற்ற இடத்திலும் காலமே குறுக்கே நின்றது.

1962 நவம்பர் 8 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தன் 76ஆவது வயதில் ஓப்ரையன் காலமானார்.

மதிப்பீடு

1993இல் ‘ஜுராசிக் பார்க்’ கணினி வழியே டைனோசர்களை நடக்கவைத்தபோது ஸ்டாப் மோஷனின் காலம் முடிந்தது என்றார்கள். ஆனால் அந்தப் படத்துக்காகவே மூட்டுகளில் உணரிகள் பொருத்திய உலோக எலும்புக்கூடு ஒன்று உருவாக்கப்பட்டது. ஃபில் டிப்பெட் போன்ற ஸ்டாப் மோஷன் கலைஞர்கள் அதைக் கையால் ஃபிரேம் ஃபிரேமாக அசைக்க, அந்த அசைவு கணினிக்குள் போனது. விலங்கின் தோலைக் கணினி வரைந்தது. எடை எங்கே விழ வேண்டும், தலை எப்போது தயங்க வேண்டும் என்பதைக் கைகளே சொல்ல வேண்டியிருந்தது. அந்த அறிவு ஓப்ரையனிடமிருந்து ஹாரிஹவுசனுக்கும், அவரிடமிருந்து டிப்பெட்டின் தலைமுறைக்கும் வந்தது.

ஆகவே ஓப்ரையனின் வாழ்க்கையை ஒரு மகத்தான வெற்றியும் அதைத் தொடர்ந்த நீண்ட சரிவும் என்று எழுதுவது போதாது. ‘படைப்பு’ இல்லாமல் ‘கிங் காங்’ இல்லை. ‘போர்க் கழுகுகள்’ பட்டறை இல்லாவிட்டால் ஹாரிஹவுசனின் பயிற்சி வேறு திசையில் போயிருக்கும். ‘குவாங்கி’ இரண்டு படங்களில் மறுபிறப்பு எடுத்தது. திரைப்பட வரலாறு பொதுவாக வெளியீட்டுத் தேதிகளால் எழுதப்படுகிறது. தேதி இல்லாத படத்துக்கு அதில் இடம் கிடைப்பதில்லை. பட்டறையில் பிறக்கும் கலைகளுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே முறை, சித்திரம், பொம்மை, பயிற்சி பெற்ற ஆள் ஆகிய நான்கும் சேர்ந்ததே படைப்பு. படம் நின்றாலும் இந்த நான்கும் அடுத்த வேலைக்குப் போய்ச்சேரும்.

எனவே சோதனைச் சுருள்களையும், காட்சிச் சித்திரங்களையும், பொம்மைகளின் உலோக எலும்புக்கூடுகளையும் படச்சுருள்களுக்கு இணையான மதிப்போடு காக்க வேண்டும். ‘தொலைந்த உலகம்’ வெளிவந்து சில ஆண்டுகளிலேயே அதன் முழுப்பிரதிகள் அழிக்கப்பட்டு, பல பத்தாண்டுகளுக்குப் பின் துண்டுகளிலிருந்து திரட்டி ஒட்டவேண்டி வந்தது. வெற்றி பெற்ற படத்துக்கே அந்த நிலை என்றால், நின்றுபோன படங்களின் தடயங்கள் எவ்வளவு எளிதில் மறைந்திருக்கும்! கலைஞருக்கு அவர் வாழ்ந்தபோது தொழில் தராத காலத்தை ஆய்வாளர்களும் ஆவணக் காப்பகங்களும் இப்போது தரலாம். எடுக்கப்படாத படங்களையும் அவருடைய படைப்புப் பட்டியலில் சேர்த்து எழுதுவது அதற்கு முதல் படி.